இருபது தும்மலுக்கும் ஒரே பெயர் 'சளி'யா?

தும்மலைப் பற்றி நம்மூரில் எல்லோரும் பண்டிதர்கள்தான். வெளியே கிளம்பும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் சகுனம் சரியில்லை, உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். இரட்டைத் தும்மல் என்றால் தாராளமாகக் கிளம்பலாம். குழந்தை தும்மினால் 'நூறாயுசு'. எல்லாம் சரி.. காலையில் கண் விழித்ததும் மூச்சு விடாமல் இருபது தும்மல் போடுகிறானே ஒருவன், அவனுக்கு என்ன சகுனம்? அதற்கு மட்டும் எந்தப் பாட்டியிடமும் பதில் கிடையாது. "சளி பிடிச்சிருக்கு" என்ற ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு கல்லூரி விடுதியிலும் இப்படி ஒருவன் இருப்பான். பிப்ரவரி பிறந்ததும் ஆரம்பிப்பான். மூக்கிலிருந்து குழாய் திறந்ததுபோலத் தண்ணீர். கண் சிவந்து அரிக்கும். நாக்கால் மேலண்ணத்தைத் தேய்த்து 'க்ர்ர்..க்ர்ர்' என்று ஒரு சத்தம் வேறு. அறை நண்பர்கள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். வார்டன் "ஆவி பிடி" என்பார். வீட்டிலிருந்து போனில் "ராத்திரி தயிர் சாப்பிட்டியா, தலைக்குக் குளிச்சியா?" என்று விசாரணைக் கமிஷன் நடக்கும். மெடிக்கல் ஷாப் அண்ணன் மூன்று மாத்திரைகளைக் கத்தரித்துக் கொடுப்பார். அதில் ஒன்று ஆன்டிபயாட்டிக்காக இருக்கும். ஏப்ரலில் தானாக நின்றுவிடும். "பார்த்தியா, மருந்து கேட்டுடுச்சு" என்பார்கள். மருந்து ஒன்றும் கேட்கவில்லை ஐயா, பூக்கும் காலம் முடிந்தது. அவ்வளவுதான்.

சளிக்கும் மகரந்த ஒவ்வாமைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை, காலண்டர் போதும். வைரஸ் கிருமியால் வரும் சளி ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாளில் போய்விடும். தொண்டை வலி, உடம்பு வலி, சிலருக்குக் காய்ச்சல் இருக்கும். மூக்குச் சளி இரண்டு மூன்று நாளில் கெட்டியாகிவிடும். ஒவ்வாமை அப்படியல்ல. வாரக்கணக்கில் நீடிக்கும். காய்ச்சல் வராது. நீர் கெட்டியாகாமல் தண்ணீராகவே ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக அரிப்பு! மூக்கு, கண், மேலண்ணம், காதுக்குள்.. சளி பிடித்தவனுக்குக் காதுக்குள் அரிக்காது. அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் அதே கூத்து என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்தே சில பிள்ளைகளுக்கு மூக்கின் மேல் குறுக்காக ஒரு கோடு விழுந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கும். "ராத்திரி எல்லாம் செல்போன் பார்த்தா இப்படித்தான்" என்று அதற்கும் திட்டு விழும்.

இது கிருமியே இல்லை. எனவே தொற்றாது, ஆன்டிபயாட்டிக்கும் வேலை செய்யாது. காற்றில் வரும் மகரந்தத் துகளை உடம்பு எதிரியாக நினைத்துவிடுகிறது. அதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து, மூக்கிலும் கண்ணிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே மகரந்தம் வந்து உட்கார்ந்தால் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அரிப்பு, தும்மல், நீர் எல்லாம் அதன் வேலை. இந்த முன்தயாரிப்புக்குச் சில சீசன்கள் பிடிக்கும் என்பதுதான் முக்கியம். "பதினெட்டு வருஷமா இதே தெருவுலதான இருக்கான், இப்ப என்ன புதுசா அலர்ஜி?" என்று மடக்குகிறவர்கள் ஏதோ பெரிய வக்கீல் கேள்வி கேட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். பதினெட்டு வருடம் அதே தெருவில் இருந்ததால்தான் வந்திருக்கலாம்!

தவறான மரத்தைத் தூக்கில் போடுவது அடுத்த கூத்து. கோடையில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறந்தால் "இந்தப் பஞ்சுதான் அலர்ஜி" என்பார்கள். அது விதையைச் சுமந்து போகும் பஞ்சு, மகரந்தம் அல்ல. தெருவெல்லாம் சிவப்பாகக் கொட்டும் மயில்கொன்றையைச் சந்தேகப்படுவார்கள். கண்ணைப் பறிக்கும் பூ எதற்காக இருக்கிறது? வண்டையும் பறவையையும் கூப்பிட. அப்படி ஆள் வைத்து மகரந்தத்தை அனுப்பும் மரங்களின் துகள் பெரும்பாலும் கனமாக, பிசுபிசுப்பாக இருக்கும், காற்றில் வெகுதூரம் போகாது. ஆபத்து பெரும்பாலும் எதில் என்றால், பூ பூத்ததே தெரியாத மரங்களில். நிறமில்லை, மணமில்லை, தேனில்லை. காற்றை மட்டும் நம்பி, கோடிக்கணக்கில் துகளை விசிறிவிடும்.

சவுக்கு அப்படிப்பட்ட மரம். ஊசி ஊசியாகத் தொங்கும் சிறு கிளைகளின் நுனியில் பழுப்பு நிறத்தில் ஆண் பூக்கதிர் வரும். அதைப் பூ என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு காலத்தில் ரயில் எஞ்சின் விறகுக்காக வளர்த்தார்கள். இப்போது சாரக் கம்புக்கும் காகித ஆலைக்கும் கிழக்குக் கடலோரம் முழுக்கத் தோப்புத் தோப்பாக நிற்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலரணாகவும் நட்டார்கள். தென் மாவட்டங்களுக்குப் போனால் சீமைக் கருவேலம். இது பூச்சிகளையும் நம்புகிறது, காற்றிலும் கணிசமாக மகரந்தத்தை விடுகிறது. ஒவ்வாமை தரும் மரமாக இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ராமநாதபுரத்தில் தும்மியவன் பிழைப்புக்காகத் துபாய்க்கு விமானம் ஏறினால் அங்கேயும் அதே மரம் வரவேற்கும்!

உடனே அரிவாளைத் தூக்க வேண்டாம். தமிழ்நாட்டில், அதிலும் ஈரப்பதம் மிகுந்த கடலோரத்தில், வருடம் முழுக்கத் தும்முகிறவர்களில் பலருக்குக் காரணம் மரமே அல்ல. தலையணையிலும் மெத்தையிலும் குடியிருக்கும் தூசிப்பூச்சிதான். கரப்பான் பூச்சியும் ஒரு காரணம். சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். வாசலில் நிற்கும் மரத்தை வெட்டிவிட்டு, பத்து வருடம் வெயிலே காணாத தலையணையில் முகம் புதைத்துத் தூங்கினால் என்ன பயன்? மகரந்தம் கிலோமீட்டர் கணக்கில் பறந்து வரும் சரக்கு. ஒரு மரம் போனால் நிழல்தான் போகும்.

மரத்தின் மீது பழி போடுவது ஒரு முட்டாள்தனம் என்றால், 'மரம் என்றாலே நல்லது, கணக்குப் பார்க்காமல் நடு' என்பது இன்னொன்று. இதற்கு ஜப்பானைவிட நல்ல சாட்சி உலகத்தில் கிடையாது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் மலைகள் மொட்டையாகிவிட்டன. வீடு கட்ட மரம் வேண்டும். அரசாங்கமே முன்னின்று சுகி என்ற மரத்தையும் ஹினோகி என்ற மரத்தையும் மலை மலையாக நட வைத்தது. சுகி நேராக, வேகமாக வளரும். 1950-களிலும் 60-களிலும் இந்த நடவு உச்சத்தில் இருந்தது. இன்று சுகிக் காடு மட்டும் 40 லட்சம் ஹெக்டேருக்கு மேல். ஆனால் 1964-ல் மர இறக்குமதிக்குக் கதவு முழுதாகத் திறக்கப்பட்டது. வெளிநாட்டு மரம் மலிவாக வந்து இறங்கியது. உள்ளூர் மரத்தை வெட்டி மலையிலிருந்து இறக்குவதற்கான கூலிக்கே கட்டுப்படியாகவில்லை. நட்டவர்கள் வெட்டாமல் விட்டுவிட்டார்கள். சுகி முப்பது வயதை நெருங்கும்போதுதான் மகரந்தத்தை அள்ளி விசத் தொடங்கும். ஒரே வயதுடைய கோடிக்கணக்கான மரங்கள், ஒரே சமயத்தில்!

நிக்கோ பகுதியில் சுகி மகரந்த நோயைப் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை வந்ததும் அதே 1964-ல்தான். அப்போது அது ஒரு விநோதம். 1998-ல் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பில் 16.2 சதவீதம் பேருக்குச் சுகி ஒவ்வாமை. 2008-ல் 26.5 சதவீதம். 2019-ல் 38.8 சதவீதம். பத்துப் பேர் நிற்கும் வரிசையில் நான்கு பேர்! அவாஜி தீவில் குரங்குகள்கூடக் கண்ணைக் கசக்கித் தும்முகின்றன. 'காஃபுன்ஷோ' என்ற சொல் அங்கே பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். கடைசியில் 2023-ல் அரசாங்கம் அமைச்சர்கள் கூட்டம் போட்டு ஒரு திட்டம் அறிவித்தது: பத்து ஆண்டுகளில் சுகித் தோட்டங்களை 20 சதவீதம் குறைப்பது, முப்பது ஆண்டுகளில் மகரந்தத்தைப் பாதியாக்குவது. ஒரு தலைமுறை நட்டதைச் சரிசெய்ய இன்னொரு தலைமுறை. மகரந்தமே இல்லாத சுகி வகை ஒன்று தொயாமாவில் 1992-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. நாற்று தயாரித்து மலை முழுக்க மாற்றி நடுவது என்ன, ஒரு நாள் வேலையா?

டோக்கியோவின் நிஷி கசாய் பக்கம் வேலைக்குப் போகும் தமிழ்ப் பையன்களும் இதில் மாட்டுகிறார்கள். முதல் வசந்தத்தில் ஒன்றும் தெரியாது. மாஸ்க் போட்டுத் திரியும் ஊரைப் பார்த்துச் சிரிப்பார்கள். சில வசந்தம் கழித்து அதே கடையில் மாஸ்க் வாங்க வரிசையில் நிற்பார்கள்.

ஆனால் ஜப்பானிடமிருந்து கற்க வேண்டியதும் இருக்கிறது. அங்கே இதை யாரும் 'சளி' என்று மழுப்புவதில்லை. பிப்ரவரி வந்தால் வானிலைச் செய்தியோடு நாளைய மகரந்த அளவையும் சொல்கிறார்கள். இந்தியாவில் சண்டிகருக்கு எந்த மாதம் எந்த மகரந்தம் என்ற நாட்காட்டியை 2022-ல் ஆய்வாளர்கள் தயாரித்தார்கள். தமிழ்நாட்டுச் செய்தியில் வெயில் எத்தனை டிகிரி என்று தெரிகிறது, எந்த அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று தெரிகிறது. காற்றில் என்ன பறக்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நோயாளி கேட்பதில்லை, எனவே அரசு சொல்வதில்லை. நோயாளி ஏன் கேட்பதில்லை? அவனுக்கு இருப்பது 'சளி'தானே!

இந்த ஒற்றை வார்த்தையால் வரும் நஷ்டம் சின்னது அல்ல. மெடிக்கல் ஷாப் கவுண்டரில்தான் அது ஆரம்பிக்கிறது. முதலில் கைக்கு வருவது தூக்கம் வரவழைக்கும் பழைய ரக மாத்திரை, குளோர்பெனிரமின் அல்லது பெனிரமின். தும்மல் நிற்கும், கூடவே மூளையும் பாதி நிற்கும். இங்கிலாந்தில் பதினாறு வயதையொட்டிய சுமார் 1,800 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. குளிர்கால மாதிரித் தேர்வோடு கோடைகால இறுதித் தேர்வை ஒப்பிட்டார்கள். தேர்வு நாட்களில் மகரந்த ஒவ்வாமைத் தொல்லை இருந்தவர்கள் ஒரு கிரேடு இறங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40 சதவீதம் அதிகம். தூக்கம் தரும் மாத்திரை போட்டவர்களுக்கு 70 சதவீதம்! (அங்கே கோடையில் குற்றவாளி பெரும்பாலும் புல்லின் மகரந்தம். ஆனால் மூக்குக்கும் மூளைக்கும் நடக்கும் கதை ஒன்றுதான்.) இங்கே பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில். பிள்ளை மார்க் குறைந்தால் "படிக்கல" என்று அடிக்கிறவர்கள், பரீட்சைக்குப் போகும் முன் தாங்களே கொடுத்த மாத்திரையைப் பற்றி யோசித்திருப்பார்களா?

அடுத்து, மான்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரை. தும்மல் என்று சொன்னால் போதும், பத்து மாத்திரை அட்டையாகவே தருகிறார்கள். இந்த மருந்துக்கு 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் உச்சகட்டக் கட்ட எச்சரிக்கையைப் போட்டது. மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, தற்கொலை எண்ணம்வரை போகலாம். வெறும் மூக்கு ஒவ்வாமைக்கு மற்ற மருந்துகள் பலிக்காதபோது மட்டும் பார்க்கலாம் என்பது அதன் சாரம். ஆஸ்துமாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தால் அது வேறு விஷயம், பயந்து நிறுத்தக் கூடாது. ஆனால் விடுதியில் நான்கு பேர் பங்கு போட்டுச் சாப்பிடும் மிட்டாய் அல்ல அது. பீட்டாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் மோசம். ஒரே நாளில் அற்புதம் நடக்கும், அதுதான் அதன் ஆபத்து. மாதக்கணக்கில் தின்றவர்களுக்கு முகம் ஊதி, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்து.. அப்போது தும்மல் யாருக்கு ஞாபகம் இருக்கும்? மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்தும் அப்படித்தான். ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் எதுவானாலும் மூன்று நாள், அதிகபட்சம் ஐந்து நாள். அதற்கு மேல் விட்டால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். சொட்டு இல்லாமல் தூங்க முடியாமல் வருடக்கணக்கில் சட்டைப்பையில் அந்தக் குப்பியோடு அலைகிறவர்கள் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், உண்மையில் நன்றாக வேலை செய்யும் மருந்தைத்தான் எல்லோரும் பயந்து ஒதுக்குகிறார்கள். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே! மொமெட்டசோன், ஃபுளூட்டிகசோன் போன்றவை. ஸ்டீராய்டு மாத்திரையை வாயில் போடத் தயங்காதவர்கள், ரத்தத்தில் மிகச் சொற்பமே கலக்கும் ஸ்பிரேயைக் கண்டால் "ஐயோ, பழக்கமாயிடும்" என்பார்கள். பழக்கமாவது முன்னே சொன்ன அடைப்புச் சொட்டு, இது அல்ல. இதற்கு வேறு ஒரு குணம் உண்டு, பொறுமை வேண்டும். முழுப்பலன் தெரிய சில நாள், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். அதனால் டாக்டரைப் பார்த்து, சீசன் தொடங்கும் முன்பே ஆரம்பித்துத் தினமும் அடிக்க வேண்டும். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. நுனி நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் கண்ணைப் பார்த்து இருக்க வேண்டும். உறிஞ்சி இழுத்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். 'ஸ்பிரே கேட்கல' என்று சொல்கிறவர்கள் பலர் அதைச் சரியாக அடிக்கவே இல்லை. மாத்திரை தேவைப்பட்டால் ஃபெக்சோஃபெனடின், லோராட்டடின் போன்ற தூக்கம் அதிகம் தராத புதிய ரகங்கள் இருக்கின்றன.

மருந்தில்லாத வேலைகளும் உண்டு. காற்று அடிக்கும் வறண்ட நாட்களில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் சட்டை முழுக்க மகரந்தத்தோடு வரும். வெளியே போய் வந்ததும் முகம், தலை கழுவிவிட்டுப் படுத்தால் தலையணையாவது தப்பும். கண்ணாடி, மாஸ்க் இரண்டும் ஓரளவு உதவும். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவது நல்ல வழி. யோகக்காரர்கள் ஜலநேதி என்று சொல்லித் தருவதும் இதைத்தான். ஆனால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் மட்டுமே! குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. மூளையைத் தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் போகிறது. பக்கத்திலிருக்கும் கேரளத்தில் 2024-லும் 2025-லும் அந்த நோயால் இறந்தவர்களின் செய்தியைப் படித்த பிறகும் "இயற்கை வைத்தியம்தானே" என்று அலட்சியம் காட்டுவது வீரமல்ல. இன்னொரு இயற்கை வைத்தியம் தேன். உள்ளூர்த் தேன் தினம் ஒரு ஸ்பூன் சாப்பிட்டால் உள்ளூர் மகரந்தம் பழகிவிடுமாம். தேனீ போவது தேன் உள்ள பூவுக்கு. தும்ம வைக்கும் மரத்தில்தான் பெரும்பாலும் தேனே இல்லையே! தோசைக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும், அதற்காகச் சாப்பிடலாம்.

உடம்பைப் பழக்கும் உண்மையான வழி வேறு. 1911-லேயே லண்டனில் லெனார்ட் நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் காட்டினார். அதே கொள்கைதான் இன்றும், ஊசியாகவோ நாக்கின் அடியில் வைக்கும் மருந்தாகவோ. ஜப்பானில் சுகிக்கு நாக்கடிச் சொட்டு 2014-ல் வந்தது, பிறகு மாத்திரையும் வந்தது. மூன்றிலிருந்து ஐந்து வருடம் விடாமல் எடுக்க வேண்டும். எல்லோருக்கும் தேவையில்லை, எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. எந்த மகரந்தம் என்று தெரியாமல் "அலர்ஜி ஊசி" போட்டுக்கொள்வது இருட்டில் கல்லெறிகிற கதை.

மூக்கோடு போகட்டும் என்று விட முடியாததற்குக் காரணம், மூக்கும் நுரையீரலும் ஒரே பாதை. தும்மலைக் கவனிக்காமல் விட்டவர்களில் ஒரு பங்கினருக்கு ஆஸ்துமா சேர்கிறது, அல்லது இருக்கும் ஆஸ்துமா அடங்காமல் போகிறது. இரவில் இருமல், மூச்சில் விசில் சத்தம், மாடி ஏறினால் நெஞ்சில் இறுக்கம் இருந்தால் சீசன் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 2016 நவம்பரில் மெல்பர்னில் ஒரே மாலையில் அடித்த இடிமழை புல் மகரந்தத்தை நுண்துகளாக உடைத்து ஊரெங்கும் பரப்பியது. ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அதுவரை "வெறும் தும்மல்" என்று இருந்தவர்கள்.

எனவே அந்த விடுதிப் பையன் செய்ய வேண்டியது, நோட்டில் தேதி குறிப்பது. என்றைக்கு ஆரம்பித்தது, என்றைக்கு நின்றது, வீட்டுக்குள்ளா வெளியிலா, ஊருக்குப் போனபோது குறைந்ததா. இரண்டு வருடக் குறிப்பு இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. பிறகுதான் தோல் பரிசோதனை. முன்கையில் சொட்டுச் சொட்டாக மகரந்தச் சாற்றை வைத்து லேசாகக் குத்துவார்கள். கால் மணி நேரத்தில் கொசு கடித்ததுபோல எங்கே தடிக்கிறது என்று அளப்பார்கள். ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. ஆனால் நூறு பொருளுக்கு ஒரே பேக்கேஜ் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதில் பணத்தைக் கொட்ட வேண்டாம். தடித்தாலே நோய் என்று அர்த்தமில்லை, நோட்டில் உள்ள தேதியோடு பொருந்தினால்தான் நோய். கத்தரிக்காய் முதல் கோதுமை வரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லும் அறிக்கையோடு பட்டினி கிடப்பவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் புண்ணியம்.

ஒரே ஒரு சங்கடம். தோல் பரிசோதனைக்கு ஐந்து முதல் ஏழு நாள் முன்பே டாக்டரைக் கேட்டு ஒவ்வாமை மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் எதுவுமே தடிக்காது. அந்த ஒரு வாரம் வகுப்பில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி தும்மத்தான் வேண்டியிருக்கும்.